தனியாள் என்ற ஊகம்

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் போகிறார்கள். பின்சக்கரத்து டயர் வெடித்துவிடுகிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குக் கீழே விழுந்து தலையில் அடிபடுகிறது. வண்டியை ஓட்டியவர் ஒரு வக்கீல். அடிபட்டவரைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, காயம் எப்படிப்பட்டது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளாமலே கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். மைசூரில் ஒருவர் ஜோன் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் சொன்ன சம்பவம் இது. வக்கீல் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம்: கட்சிக்காரருக்காக அன்றைக்குக் கோர்ட்டில் நிற்கவேண்டியது அவர் கடமை, தவிர, அந்த நேரத்தில் அவருக்கு மனம் கலங்கியிருக்கலாம், காயமும் வெளிப்பார்வைக்குப் பெரிதாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். இதே சம்பவத்தைச் சிகாகோவில் கேட்டவர்கள், அந்த ஆள் பொறுப்பில்லாதவர், தொழிலில் மேலே வருவதிலேயே குறியாக இருப்பவர் என்றார்கள். ஒரு சாரார் அந்த மனிதனைச் சுற்றி இருந்ததைப் பார்த்தார்கள். மறு சாரார் அவனுக்குள்ளே இருந்ததைப் பார்த்தார்கள். யார் பார்த்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தச் சம்பவத்தை எடுக்கவில்லை. ஒருவன் செயலுக்குக் காரணத்தை எங்கே போய்த் தேடுவது என்ற முதல் கேள்வியிலேயே மனிதர்கள் வேறுபடுகிறார்கள் என்பதைக் காட்டத்தான் எடுத்தேன்.

உளவியலின் அறிமுகப் பாடநூல் எதைப் பிரித்தாலும் ஆளுமைக்கு ஓர் அத்தியாயம், வளர்ச்சிக்கு ஓர் அத்தியாயம், ஊக்கத்துக்கு ஓர் அத்தியாயம் என்று இருக்கும். பூர்வகுடிகளின் பார்வைகள், பிற பண்பாடுகளின் பார்வைகள் என்று கடைசியில் சில பக்கங்கள் வரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போகிற பக்கங்கள் அவை. அந்தக் கடைசிப் பக்கங்களை வைத்துத்தான் முதல் அத்தியாயங்களைச் சோதிக்க வேண்டும் என்பது இன்று நான் சொல்ல வந்தது. ஏனென்றால் அந்த அத்தியாயங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் சோதிக்கப்படாத ஓர் ஊகம் இருக்கிறது: மனிதன் முதலில் தனியாள், உறவுகள் அவனுக்குப் பிறகு வந்து சேர்பவை என்ற ஊகம். இது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி ஆய்விதழ்கள் ஆறினை ஜெஃப்ரி ஆர்னெட் அலசி 2008இல் வெளியிட்டார். ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்மய நாட்டவர். உலக மக்கள்தொகையில் அந்நாடுகளின் பங்கு 12 விழுக்காடுதான். மனிதன் என்று எழுதிய இடத்தில் எல்லாம் அந்தப் பன்னிரண்டு விழுக்காட்டின் முகம்தான் இருந்தது.

ஆளுமையை எடுத்துக்கொள்வோம். புதியவற்றுக்கு மனம் திறந்திருத்தல், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணங்கிப்போதல், எளிதில் கலங்கும் இயல்பு என்ற ஐந்து அளவுகோல்களால் எந்த மனிதரையும் விவரித்துவிடலாம் என்பது இன்று ஓங்கி நிற்கும் கோட்பாடு. நியாயமான மறுப்பு ஒன்று உடனே எழும். புவியீர்ப்பு சங்கரன்கோவிலுக்கு ஒன்று, சிகாகோவுக்கு ஒன்று என்று இல்லையே, மனத்துக்கு மட்டும் ஏன்? ராபர்ட் மெக்கிரேயும் கூட்டாளிகளும் 2005இல் ஐம்பது பண்பாடுகளில் இந்த ஐந்தும் தென்படுவதாகக் காட்டவில்லையா? காட்டினார்கள், அதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் அந்த ஐம்பது இடங்களிலும் படிவத்தை நிரப்பியவர்கள் கல்லூரி மாணவர்கள். எந்த நாடானாலும் கல்லூரி வகுப்பறை ஏறத்தாழ ஒரே மாதிரியான இடம். வகுப்பறைக்கு வெளியே போனபோது நடந்தது வேறு. பொலிவியாவில் காட்டில் வேட்டையாடியும் கொல்லையில் பயிரிட்டும் வாழ்கிற சிமானே மக்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் மைக்கேல் கர்வெனும் குழுவினரும் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் ஐந்தும் துலங்கவில்லை. மற்றவர்களோடு கூடிவாழும் பாங்கு, உழைப்பில் ஊன்றும் பாங்கு என்ற இரண்டுதான் தேறின. நம் பக்கத்துச் சான்று புவனேஸ்வரத்திலிருந்து வருகிறது. அங்கே ரிச்சர்ட் ஷ்வேடரும் எட்மண்ட் போர்னும் ஒடியா மக்களிடம் தெரிந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ‘அவள் சிநேகமானவள்’ என்று அமெரிக்கர் சொல்லும் இடத்தில் ஒடியாக்காரர், பண்டிகை நாளில் அவள் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்து தருவாள் என்றார். பொதுப்பண்பாகச் சுருக்கத் தெரியாததால் அவர்கள் அப்படிப் பேசவில்லை. படிப்பறிவுக் குறைவு இதற்குக் காரணமல்ல என்பதை ஆய்வாளர்களே சோதித்து ஒதுக்கினார்கள். யாரிடம், எப்போது, எந்த முறையில் என்பதைச் சேர்க்காமல் ஒரு மனிதரைச் சொன்னால் அது அரைகுறை என்று அவர்கள் கருதினார்கள். நம் ஊர்களில் இன்று தெருவுக்குத் தெரு பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்புகள் வந்துவிட்டன. அதிகம் பேசாத பிள்ளையைக் குறையுள்ள பிள்ளையாகப் பெற்றோர் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரியவர்கள் முன் அடங்கியும் கூட்டாளிகளோடு ஆரவாரமாகவும் இருக்கிற ஒரு பிள்ளைக்குப் புறமுகத்தன்மைக்கு எத்தனை மார்க் போடுவது என்று அந்த ஐந்து அளவுகோல் படிவத்துக்குத் தெரியாது. இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிற விஷயம்.

மில்லரின் ஆய்வில் வக்கீல் கதையைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. மேற்கோள் காட்டுபவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவர் பெரியவர்களை மட்டும் கேட்கவில்லை. எட்டு, பதினொன்று, பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் கேட்டார். எட்டு வயதில் மைசூர்ப் பிள்ளைக்கும் சிகாகோப் பிள்ளைக்கும் பதிலில் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறத்தான் இரண்டும் பிரிகின்றன. பெரியவர்களாகும்போது குணத்தைக் காரணம் காட்டுவது அமெரிக்கரிடம் இந்தியரைப்போல ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. பிறக்கும்போதே கிழக்கு, மேற்கு என்று முத்திரை குத்திக்கொண்டு யாரும் வருவதில்லை. வளர்ச்சி என்பதே, நம் ஊரில் ஒரு மனிதரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதுதான். பிறகு எல்லாக் குழந்தையும் ஒரே படிக்கட்டில் ஒரே வரிசையில் ஏறுகிறது என்று எப்படிச் சொல்வது?

இங்கே தமிழுக்கென்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பாடியதிலிருந்து வளர்ந்து வந்த பிள்ளைத்தமிழ், குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. ஐந்தாம் மாதத்தில் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம். இன்றைய குழந்தை மருத்துவரின் அட்டவணையிலும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான் குழந்தை கையை ஊன்றி மார்பைத் தூக்குகிறது. அப்புறம் கைதட்டும் சப்பாணி, முத்தம் கேட்பது, வா என்று கூப்பிட்டு நடக்கவைக்கும் வருகை, நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி, பிறகு சிற்றில். தெருவில் சிறுமிகள் மணல்வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பயல் காலால் அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். தன் செயலால் இன்னொருவருக்கு நோவு வரும் என்று ஒரு குழந்தை அறிகிற நேரம் அது. உளவியலாளர் பியாஜே காட்டும் குழந்தை பொருள்களோடு மல்லுக்கட்டி உலகத்தைக் கண்டுபிடிக்கிறது. பிள்ளைத்தமிழின் குழந்தை ஒவ்வொரு பருவத்திலும் எதிரே இருக்கிற ஒருவரோடு ஏதோ செய்கிறது. கைதட்டச் சொல்ல ஒருவர், முத்தம் கேட்க ஒருவர், கெஞ்ச ஒருவர் வேண்டியிருக்கிறது. ஆனால் இதை அப்படியே அறிவியலாக்கி, எல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்டுவது தவறு. பிள்ளைத்தமிழ் பாட்டு, புலவர்கள் குழந்தைகளை உட்காரவைத்துக் குறிப்பெடுக்கவில்லை. பெண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் முதலான கடைசி மூன்று பருவங்களும் போய் அம்மானை, நீராடல், ஊசல் வருவதை வைத்தே, பிள்ளைகளை வளர்த்தவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதும் அதற்குள் கலந்திருப்பது தெரிகிறது. நல்ல கருதுகோள் ஒன்றை அது நம் கையில் தருகிறது. சோதித்துப் பார்க்கிற வேலை நம்முடையது.

ஊக்கம் என்ற அத்தியாயத்தில் கட்டாயம் ஒரு முக்கோணம் இருக்கும். அடியில் பசி, தூக்கம், மேலே பாதுகாப்பு, அதற்கு மேல் அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னை நிறைவு செய்துகொள்ளுதல். ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் தேவைகளின் வரிசைதான் உண்டு. முக்கோணம் பின்னால் வந்தவர்கள் போட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1938 கோடையில், கனடாவின் ஆல்பர்ட்டாவில் சிக்சிகா என்ற பிளாக்ஃபுட் பூர்வகுடியினரிடையே மாஸ்லோ தங்கியிருந்தார். அங்கே பெரும்பாலானவர்களிடம் கண்ட மன உறுதியும் பாதுகாப்புணர்வும் அவரை வியக்கவைத்தன. அவர் கோட்பாட்டையே அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். கிடைத்திருக்கும் சான்றுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. நாமும் போக வேண்டாம். அவரைப் பாதித்த அந்த மக்கள் பாடநூலில் காணாமல்போனார்கள் என்பது மட்டும் உண்மை. இப்போது நம் கோயில் பிரகாரத்துக்கு வருவோம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் கோயிலைச் சுற்றிவரும் ஆடிச்சுற்று தொடங்கிவிடுகிறது. நூற்றெட்டுச் சுற்று நேர்ந்துகொண்ட ஒரு தாய் வெறும் காலோடு சுற்றுகிறாள். மகனுக்கு உடம்பு தேற வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும். பட்டினி, கால்வலி, தூக்கமின்மை என்று முக்கோணத்தின் அடித்தட்டு முழுவதையும் விட்டுவிட்டு அவள் எந்தத் தட்டில் நிற்கிறாள்? உச்சியில் என்றால், அங்கே எழுதியிருப்பது ‘தன்’ நிறைவு. அவள் நினைப்பில் இருப்பதோ பிள்ளை. கட்டாயத்துக்காகச் செய்கிறாள், அதில் விருப்பம் ஏது என்பார்கள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் வழிவந்த ஊக்கக் கோட்பாடு, பிறர் எதிர்பார்ப்புக்காகச் செய்வதில் மனநிறைவு குறையும் என்கிறது. மில்லரும் கூட்டாளிகளும் 2011இல் இதையும் சோதித்தார்கள். உதவ வேண்டும் என்ற சமூக எதிர்பார்ப்பு அழுத்தமாக இருக்கும்போது அமெரிக்கருக்கு, இது நானாகத் தேர்ந்தது என்ற உணர்வு குறைந்தது, இந்தியருக்குக் குறையவில்லை. தங்கை கல்யாணத்துக்காக இந்த ஊர் விசைத்தறியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற அண்ணனின் மனசை, கடமை வேறு விருப்பம் வேறு என்று பிரித்து அளக்கிற கோல் தவறவிட்டுவிடும்.

இந்த இடத்தில் கைதட்டல் விழும் என்று தெரியும். மேற்கே தனிமனிதர்கள், நாம் உறவுக்காரர்கள் என்று கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அப்படி முடித்துவிட்டால் ஓர் ஊகத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்ததாகிவிடும். அதைக் கலைக்கத் தொலைவில் போக வேண்டியதில்லை. இங்கிருந்து மேற்கே தெரிகிற மலை போதும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்து மலையடிவாரங்களில் பளியர் என்ற பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டு மலைகளில் பளியரோடு 1960களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் அங்கே கண்டது நம் குடும்பப் பெருமைக்கு நேர் எதிரானது. யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. கணவன் மனைவியை அதட்டுவதில்லை. பெற்றவர்கள் பிள்ளைகள்மேல் அதிகாரம் செலுத்துவதில்லை. போட்டியைத் தவிர்க்கிறார்கள், சண்டை மூளும் போலிருந்தால் ஒருவர் எழுந்து போய்விடுகிறார். பிள்ளைகள் இளம் வயதிலேயே தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இது சிகாகோவின் தனிமனிதப் போக்கு அல்ல. அங்கே தனிமனிதன் முந்திப்போகப் பார்ப்பான், பளியரிடம் முந்துவதே கூடாது. நம் ஊரின் உறவு முறையும் அல்ல. இங்கே பெரியவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கிழக்கு, மேற்கு என்ற இரண்டே பெட்டிகளில் பளியரை எதிலும் போட முடியாது. பூர்வகுடிப் பார்வை என்று படிக்கத் தொடங்கும் நம் மாணவர்கள் கனடாவுக்கும் பொலிவியாவுக்கும் போவதற்கு முன் இந்த மலைக்குப் போயிருக்க வேண்டும், பாடம் சொல்லப் போகிறவர்களாக அல்லாமல் கேட்டுக்கொள்ளப் போகிறவர்களாக.

மனம் உடைந்துபோகிற நேரத்தில்தான் தனியாள் என்ற ஊகத்துக்கு உண்மையான சோதனை வருகிறது. கோமதி அம்மன் சன்னதி முன்னுள்ள ஸ்ரீசக்கரத்தில் உட்காரவைக்க, மனம் பேதலித்தவர்களை நெடுங்காலமாக இந்தக் கோயிலுக்கு அழைத்துவருகிறார்கள். புற்றுமண் பூசி, நாள்கணக்கில் மண்டபத்தில் தங்குகிறார்கள். படித்தவர்களில் ஒரு பகுதியினர் இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒரு சொல்லில் முடிக்க முடியாத சான்று ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையின் ரகுராமும் உடன் பணியாற்றியவர்களும், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலுக்கு 2000ஆம் ஆண்டில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். சராசரி ஆறு வாரம் தங்கினார்கள். தனிச் சிகிச்சைச் சடங்கு எதுவும் இல்லை. காலையில் எளிய பூசை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகள். கூடத் துணைக்குக் குடும்பத்தில் ஒருவர். போகும்போது நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. பல மருந்துகள் தரும் பலனோடு ஒப்பிடத்தக்க அளவு அது. இந்த ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, எண்ணிக்கையும் சிறிது என்ற மறுப்பு சரியானதே. கோயில் குணப்படுத்தும் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. துரத்தப்படாத ஓர் இடமும், அன்றன்றைக்குச் செய்ய ஒரு சிறு வேலையும், பக்கத்தில் ஓர் உறவும் இருந்தால் கடுமையான மனநோயிலும் ஏதோ இளகுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. நோயின் உள்ளடக்கமே இங்கே வேறு என்பதற்கும் ஆய்வு உண்டு. மனச்சிதைவில் காதில் கேட்கும் குரல்களைப் பற்றி டான்யா லூர்மனும் குழுவினரும் சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மத்தேயோ ஆகிய இடங்களில் தலா இருபது பேரிடம் கேட்டார்கள். கலிஃபோர்னியாவில் யாரோ முகம் தெரியாதவர்கள் வெட்டு, குத்து என்று மிரட்டுகிற குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது உறவினர் குரல்: அம்மா, மாமியார், அக்கா. குளி, சாப்பிடு, சமை, கடைக்குப் போ என்று சொல்லும் குரல்கள். அறிவு சிதறிய நிலையிலும் அங்கே ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குடும்பம் எப்போதும் அன்பாகத்தான் பேசுகிறது என்று நான் சொல்லிவிடக் கூடாது. இரண்டு உண்மைகளை இங்கே வைக்காமல் போனால் நான் பேசியது நேர்மையாகாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் பத்தாண்டு இறப்புகளை வீடுவீடாக ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். முக்கியமான காரணங்களில் ஒன்று குடும்பச் சண்டை. உறவுதான் மனிதனை உண்டாக்குகிறது என்றால், அவனை உடைக்கவும் அதற்கு வலு உண்டு. யாரைக் காதலிக்கலாம், யாரைக் கூடாது என்று சாதி சொல்கிற ஊர்களில் ஓர் இளம்பெண்ணுக்குத் தனியாள் என்ற எண்ணம்தான் உயிர்க்கவசம். அதை அவளிடமிருந்து பிடுங்குவதற்கு உள்நாட்டு உளவியல் என்ற பெயரை யாரும் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது, ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் மனநல விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அங்குள்ள தர்காவில் நேர்ச்சைக்காகக் கூட்டிவரப்பட்டு, உறவினரால் விட்டுச்செல்லப்பட்டவர்கள் பலர். முத்துசாமி கோயிலில் இருந்த துணை ஏர்வாடியில் இல்லை. அங்கே உறவின் இடத்தைச் சங்கிலி எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மரபு என்று சொல்லிக்கொண்டு வரும் எதையும் நம்மூர்ச் சரக்கு என்பதற்காக ஏற்க வேண்டியதில்லை. ஐந்து அளவுகோலைக் கேட்ட அதே கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும்.

கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே முன்பே இருந்தார்கள். 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃபிராய்டைப் படித்து, அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்து, தன்னிடம் வந்த நோயாளிகளை வைத்து அவரோடு மாறுபடவும் செய்தார். நூறு ஆண்டுக்குப் பிறகும் நம் கல்லூரிகளில் உளவியல் மொழிபெயர்ப்புப் பாடமாகவே இருப்பது வருத்தம் தருகிறது. மில்லர் கேட்டது போன்ற கேள்விகளை இந்த வட்டாரத்து மாணவர்களே கேட்கலாம். விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், மல்லிகை மார்க்கெட்டில் பூக்கட்டும் பெண்கள், எட்டாவது படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். செல்போனோடு வளர்ந்த தலைமுறை குணத்தைச் சொல்கிறதா, சூழலைச் சொல்கிறதா? பெண்கள் சொல்வதும் ஆண்கள் சொல்வதும் ஒன்றுதானா? ஒரே தெருவில் சாதிக்குச் சாதி பதில் மாறுகிறதா? எந்த விடை வந்தாலும் அது பாடநூலில் இல்லாத ஒரு புதிய செய்தி.

ஒரு கோரிக்கையும் உண்டு. ஏர்வாடியில் அந்தத் தீக்குப் பிறகு தர்காவுக்கு வருகிறவர்கள் பிரார்த்தனையோடு மருந்தும் பெறும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. குணசீலம் கோயிலை ஒட்டியும் மனநல மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும் இந்த ஊரில், விழாவின் பன்னிரண்டு நாளும் கோயில் வாசல் பக்கமாக ஒரு மனநல மருத்துவரும் ஒரு செவிலியரும் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வழிசெய்ய வேண்டும். சக்கரத்தில் உட்கார வேண்டாம், புற்றுமண்ணைப் பூச வேண்டாம் என்று அவர்கள் சொல்லக் கூடாது. யார் கூட வந்திருக்கிறார்கள், எத்தனை நாள் தங்கப் போகிறார்கள், ஏற்கெனவே மாத்திரை உண்டா, அதை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை ஒரு சீட்டில் எழுதி, கூட வந்தவர் கையில் கொடுக்கட்டும். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒருவர் போய் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவரட்டும். அந்தக் குறிப்பேட்டை வைத்துப் படிக்க இந்த வட்டாரத்து உளவியல் மாணவர்களுக்கு இடம் கொடுங்கள்.